வெள்ளைக் கிங்கின் தலை

லெஸ்டர் பிரெக்கிக்கு வெர்னா லோக்கன் மேல் பல வருஷமாக ஆறாத கோபம். அவள் கை நீட்டி அடித்திருந்தால்கூட மறந்திருப்பான். மே மாதச் சர்ச் விருந்தில், ஊரே தட்டேந்தி வரிசையில் நின்றபோது, அவன் கொண்டுவந்த மீனைப் பார்த்து, "இது கூண்டு மீன்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த அலாஸ்காத் தீவில் ஒருவனைத் திருடன் என்று சொல்லலாம். கொஞ்ச நாளில் பேசிக்கொள்வார்கள். ஆனால் படகு வைத்திருப்பவன், கடையில் வாங்கிய வளர்ப்பு சால்மனைத் தான் பிடித்தது என்று கொண்டுவந்து வைத்தான் என்றால், அந்தப் பேச்சு பேரன் காலம் வரை ஓடும்.

சொன்னது வேறு ஆளாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். வெர்னா துறைமுகக் கடையில் மீன் வெட்டியே வயசானவள். வாலை விரித்துப் பார்ப்பாள். ஓரம் கத்தி மாதிரி இருந்தால் கடல். மழுங்கிச் சிம்பு சிம்பாக இருந்தால் கூண்டு வலையில் உரசியது. துண்டு போட்ட மீன் என்றால் கொழுப்பு வரியைப் பார்ப்பாள்; அகலமாக இருந்தால் கூண்டு. சியாட்டிலில் இருக்கும் தங்கை, கடைக்குப் போனால் மீன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே போன் போடுவாள்.

"எல்லாத் துண்டும் ஒரே ஆரஞ்சுக் கலரா இருக்கா?"

"ஆமாக்கா, அழகா இருக்கு."

"அது தீவனத்தோட கலருடி. அட்லாண்டிக்குன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"அப்ப வளர்ப்புதான். கீழ வை. கோழி வாங்கிட்டுப் போ."

அப்பேர்ப்பட்டவள்தான் அன்றைக்கு லெஸ்டரின் மீன் முன்னால் நின்றாள். தோலும் வாலுமாக முழுசாகச் சுட்ட மீன். தலை மட்டும் இல்லை. சதை வெளேரென்று இருந்தது.

"ஏம்பா லெஸ்டரு, சாயம் போட மறந்துட்டாங்களா?"

"வெள்ளைக் கிங்கு அது." கிங் என்பது கடலில் பிடிக்கும் பெரிய சால்மன்; அபூர்வமாக ஒன்றுக்குச் சதை வெள்ளையாக இருக்கும்.

"வால் தேஞ்சிருக்கு. கொழுப்பு வரி என் பெல்ட்டு அகலம் இருக்கு. உன் படகு இஞ்சினைக் கழட்டிப்போட்டுக் கரையில கிடக்கு. எங்க பிடிச்ச?"

"தம்பியோட சின்னப் படகுல போய், தூண்டில்ல."

"சரி, தலை எங்க? கிங்குக்கு ஈறு கறுப்பா இருக்கும், கூண்டு மீனுக்கு இருக்காது. காட்டு. மன்னிப்புக் கேட்டுட்டு ரெண்டு தட்டு தின்னுட்டுப் போறேன்."

தலை எங்கே என்று லெஸ்டருக்கு நன்றாகத் தெரியும். வெர்னா வீட்டுப் பின்வாசல் ஆணியில், ஒரு பையில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெர்னாவின் புருஷன் கார்ல்தான் லெஸ்டரை முதன்முதலில் படகில் ஏற்றியவர். கடலோடு போய்விட்டார். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் முதல் கிங்கின் தலையை லெஸ்டர் அந்த ஆணியில் மாட்டுவான், சூப்புக்கு. யார் மாட்டினது என்று சொல்லக் கூடாது. அந்த ஊரில் அப்படித்தான். புருஷனை இழந்தவள் வாசலில் வைத்த மீனுக்குப் பேர் சொல்லிவிட்டால் அது பிச்சையாகிவிடும். அப்புறம் அந்த வீட்டில் வாங்க மாட்டார்கள்.

அதனால் தலை இருக்கும் இடத்தைச் சொல்லாமல் நின்றான். ஊர் சிரித்தது. அடுத்த வாரமே படகு ரேடியோவில், "கூண்டு, கூண்டு, கேக்குதா?" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பதில் பேசாவிட்டால் மீன் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாது. பேசினான்.

தலை மாட்டுவதையும் நிறுத்தவில்லை. கோபம் வேறு, தலை வேறு.

போன குளிர்காலத்தில் வெர்னாவுக்கு இதயம் கைவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்தாள். போய்ப் பார்க்காவிட்டால் சோறு கிடையாது என்று லெஸ்டரின் மனைவி சொன்னதால் போனான். சாப்பாட்டுத் தட்டில் சால்மன் வந்தது. வெர்னா முள்கரண்டியால் பிளந்தாள். பட்டை பட்டையாக வெள்ளை வரி. அழுத்தினால் மாவாகக் குழைந்தது.

"கூண்டு," என்றாள்.

"கூண்டு," என்றான் அவனும்.

தட்டைத் தள்ளிவிட்டாள். "அன்னிக்கு நீ கொண்டுவந்தது கூண்டு இல்ல."

"தெரியும்."

"எனக்கும் அன்னிக்குச் சாயங்காலமே தெரியும். வீட்டுக்குப் போய் ஆணியில இருந்த தலையை எடுத்தேன். ஈறு கரி மாதிரி. சூப்புல கன்னத்துச் சதை பால் வெள்ளை. அந்த வாரம் ஊர்ல வேற எவன் வெள்ளைக் கிங்கு பிடிச்சான்?"

லெஸ்டருக்குக் காது சுட்டது. "அப்ப ஏன் சொல்லல?"

"எந்தத் தலைன்னு கேப்பாங்க. சொன்னா மறு வருஷம் தலை வராது. கடையில எத்தனையோ மீன் வெட்டுறேன், அது சம்பளத்துக்கு. ஆணியில தொங்குறது வேற. உன் பேரைவிட எனக்கு அது பெருசாப் போச்சு, லெஸ்டரு. தப்புதான்."

"ரேடியோவுல இன்னும் என்னைக் கூண்டுங்கறானுங்க."

"கேட்டேன். என் சமையல்கட்டுலயும் ரேடியோ இருக்கு."

"சிரிச்சீங்களா?"

"மொத வருஷம் மட்டும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஆமா, வால் எப்படித் தேஞ்சுது?"

"கயித்துல கட்டி, சிப்பிப் பாறை மேல இழுத்துட்டு வந்தேன்."

"மீனை எவனாவது அப்படிக் கொண்டு வருவானா? உன்னைப் போய்ப் படகுல ஏத்தினாரே அந்த மனுஷன்."

அவன் கிளம்ப எழுந்தபோது சட்டைக் கையைப் பிடித்தாள்.

"என் சாவுச் சாப்பாட்டுக்கு நீதான் மீன் கொண்டுவரணும். வெள்ளை கிடைச்சா வெள்ளை, இல்லன்னா சிவப்பு. பாறையில இழுக்காத. தலையை வெட்டாத. வாய்க்குள்ள ஒரு குச்சியைக் கொடுத்துத் திறந்து, வரிசை வர்ற பக்கம் பார்த்து வை. ஒவ்வொருத்தனும் ஈறைப் பார்த்துட்டுத்தான் தட்டை நீட்டணும். யாராவது கேட்டா, வெர்னா வைக்கச் சொன்னான்னு சொல்லு."