மாலை வேனில் வந்த பாட்டில்

பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் நாலு புள்ளி ஆறு என்று வந்தது. மெஷினைச் சந்தேகப்பட்டு இன்னொரு முறை ஓட்டினேன். அதே நாலு புள்ளி ஆறுதான். சீட்டில் பெயரைப் பார்த்தேன். முத்துமாரி. மூன்று வாரத்துக்கு முன் இதே பெண்ணின் யூரின் ரிப்போர்ட்டில் நார்மல் என்று எழுதியவள் நான்.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த வருடங்கள் அவை. சிவகாசியில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். லேப் எட்டரைக்குத்தான் திறக்கும். பட்டாசு கம்பெனி வேனோ ஆறு மணிக்கே ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதனால் தொழிலாளர்கள் மாலையில் வேனை விட்டு இறங்கித்தான் டெஸ்டுக்கு வருவார்கள். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

முத்துமாரிக்குத் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் திரி வைக்கிற வேலை. முதல் தடவை ஒரு டானிக் பாட்டிலில் யூரின் கொண்டுவந்தாள்.

"வெடியக்காலம் புடிச்சதுக்கா. கருப்புக் காப்பி கணக்கா போகுது. பகல்ல சரியாயிருது."

பாட்டில் பகல் முழுக்க யூனிட்டில் அவளுடைய சாப்பாட்டுப் பையில் இருந்திருக்கிறது. மூடியில் அலுமினியப் பொடி மின்னியது. பட்டாசு மருந்து உள்ளே விழுந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன்.

"இது ஆகாதும்மா, மருந்து கலந்திருக்கு. புதுசாப் புடிச்சுக் குடுங்க" என்று சொல்லி, அவள் கண்ணெதிரிலேயே சிங்க்கில் கொட்டினேன். புதிதாகக் கொடுத்தது தெளிவாக இருந்தது. அல்புமின் இல்லை, சுகர் இல்லை, அடியில் படியும் டெபாசிட்டும் சுத்தம். அவளுக்கு வைத்தியம் பார்த்தவர் வெறும் ரத்தச்சோகை என்று நினைத்து இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

நாலு புள்ளி ஆறைப் பார்த்த மாலையில் எங்கள் லேப் டாக்டரிடம் போய், "சார், அன்னைக்கு ஒரு சாம்பிளக் கீழ ஊத்திட்டேன்" என்றேன்.

"என்ன கலர்ல இருந்துச்சு?"

"காப்பிக் கலர் சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அந்தப் பொண்ணு எங்கன?" என்றுதான் கேட்டார்.

டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டிருந்தாள். போன் கிடையாது. சீட்டில் தெருப் பெயரும் இல்லை. மறுநாள் ஐந்தரைக்கே வேன் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். வரும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, இவள் இல்லை, இவள் இல்லை என்று மனசு அடித்துக்கொண்டது. கடைசியில் வந்தாள். கண் வெள்ளை மஞ்சளாகியிருந்தது.

"சீசன்ல லீவு போட்டா வேற ஆளப் போட்டுருவாகக்கா" என்று படியில் கால் வைத்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக லேபுக்குக் கூட்டிவந்து பூட்டைத் திறந்தேன்.

அப்போது அவள் பிடித்துக் கொடுத்தது நிஜமாகவே கருப்புக் காப்பி. சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினேன். முழு அணுக்களாக ரத்தம் கலந்திருந்தால் சிவப்பணு அடியில் படிந்து மேலே தெளியும். இது தெளியவே இல்லை. அணுக்கள் உடம்புக்குள்ளேயே உடைந்து, சாயம் மட்டும் வடிந்திருந்தது.

அன்றே மதுரையில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். சாம்பிள் வெளியூர் போய், பி.என்.ஹெச். என்று ரிப்போர்ட் வந்தது; ரத்த அணுக்கள் உடைந்து, விடியற்காலைச் சிறுநீர் மட்டும் கருத்து, பகலில் தெளிந்துவிடுகிற நோய். இளைய டெக்னீஷியன்களுக்காக, நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். செல்லுக்குள் ஒரு கொழுப்பு மூலக்கூறின் மேல் சர்க்கரைத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரு கொக்கி கட்டப்படுகிறது. சில புரதங்களின் வால் நுனியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் செல்லே இந்தக் கொக்கியை மாட்டும். கொழுப்பு, செல்லின் சவ்வில் புதைந்துகொள்ளும். புரதம் வெளியே நிற்கும். நம்மூர் காலண்டருக்குத் தகடு அடிப்பது போலத்தான். தகடு இல்லாத காலண்டரை எங்கே மாட்டுவது?

முத்துமாரியின் எலும்பு மஜ்ஜையில் ஒரு செல்லில், முதல் சர்க்கரைத் துண்டைச் சேர்க்கும் ஜீன் பழுதாகிவிட்டது. அதிலிருந்து பெருகிய சிவப்பணுக்களில் கொக்கி இல்லை. கொக்கி இல்லாததால் சிடி 55, சிடி 59 என்ற காவல் புரதங்கள் வெளியே நிற்கவில்லை. உடம்பின் சொந்தத் தற்காப்பே அந்த அணுக்களை உடைத்தது. இரும்பு மாத்திரையால் புதிதாக ஊறிய அணுக்களும் சேர்ந்து உடைந்திருக்கலாம் என்று படித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

மதுரைக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எம் புள்ளைக்கும் வருமாக்கா?"

"வராதும்மா. இது பெறவில வந்ததில்ல. ஒங்க ஒடம்புல பின்னால உண்டானது."

"அப்ப என்னோட போயிரும்ல" என்று கண்ணை மூடிக்கொண்டாள். "அது போதும்."

எனக்குப் போதவில்லை. நான் அந்த லேபில் இருந்தவரை சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ள மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அதற்கு முன் எங்கள் லேபில் பார்க்கும் ஹீமோகுளோபின் வரும்வரை மெஷினை விட்டு நகரமாட்டேன்.

சாம்பிள் சரியில்லை என்றால் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். ஆனால் அதை எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், கொண்டுவந்தவர் என்ன சொன்னார் என்பதை ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுக் கொட்டுங்கள். முத்துமாரி முதல் நாளே எனக்கு அந்த நோயின் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.