நாலரை மணி நேரக் கணக்கு

ஐரோப்பாவில் பெண்கள் கால்பந்துக்கு ஒரு கோப்பை உண்டு. ஒவ்வொரு நாட்டிலும் ஜெயித்த கிளப்புகள் அதில் மோதும். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆரம்பித்தது. இங்கே பேப்பரில் அதைப் பற்றி ஒரு வரி வராது. அந்தக் கோப்பையைக் காட்டி ஒரு பெண்ணைக் கேம்ப்புக்குக் கூட்டிப் போகப் பார்த்தேன். நடக்கவில்லை. கெடுத்தது நான்தான்.

அப்போது புதுச்சேரி பெண்கள் அணிக்கு நான் கேப்டன். கேப்டன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கிரிக்கெட் ஆடுகிறவர்களிடம் சண்டை போட்டு மைதானத்தில் ஒரு மூலையை வாங்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் அணியில் இடது ஓரத்தில் ஓடுகிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளைப் போல ஓட எங்களில் யாருக்கும் வராது. அகில இந்தியப் போட்டிக்கான கேம்ப்புக்கு அவள் பெயர் வந்தது. படிவத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். அவர் போட மாட்டேன் என்றார்.

அவருக்குப் பெரிய மார்க்கெட்டில் வெங்காயக் கடை. கெட்ட மனிதர் இல்லை. "பொம்பளப் புள்ளைங்க ஆடறத எவம்மா வந்து பாக்கறான்? பாக்க ஆளில்லாத வேலைக்கு எதுக்கு இவ ஊர் ஊரா ஓடணும்?" என்று கேட்டார்.

"வெளிநாட்டுல பாக்கறாங்க மாமா. டிவியிலேயே போடறாங்க."

"காட்டு. பாத்துட்டுப் போடறேன்."

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மாடியில் பெரிய டிஷ், அதில் பிரெஞ்சு சேனல் வரும். அவர் மனைவியைத் தெருவே மதாம் என்று கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி, பிரான்ஸ் கிளப் ஒன்று ஆடுகிறது, அங்கே மூன்று மணிக்கு ஆரம்பம் என்று மதாம்தான் சொன்னார். நாலரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். பிரான்சில் ஆள் இருக்கிற வீடுகளில் போனை எடுக்கும்போதெல்லாம் காதில் விழுகிற கணக்கு அது. ஏழரைக்கு என்று மாமாவிடம் சொன்னேன்.

ஞாயிறு சாயங்காலம் மார்க்கெட்டில் யாரும் சீக்கிரம் கடையை மூட மாட்டார்கள். அவர் மூடினார். அரியாங்குப்பத்தில் வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மகளை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார். பாலத்தில் நெரிசல். நான் என் வீட்டு வாசலிலேயே காத்திருந்தேன்; அவர்கள் வந்து சேர மணி எட்டு பத்து ஆனது. முதல் பாதி போனாலும் இரண்டாம் பாதியை முழுதாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

மதாம் கதவைத் திறந்தார். "இப்பதான் வர்றியா? இன்னும் பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்டி."

"ஏழரைக்குத்தானே மதாம் ஆரம்பம்?"

"வெயில் காலத்துக்குன்னு மார்ச் கடைசியிலேயே அங்க மணிய ஒரு மணி நேரம் முன்னால தள்ளிட்டாங்களே. இப்ப மூணரைதான் வித்தியாசம். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. எனக்கு யார் பிரான்சிலிருந்து போன் செய்கிறார்கள்?

உட்கார்ந்தோம். பிரான்ஸ் கிளப் மூன்று கோல் வாங்கியிருந்தது. பெண்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். மாமா பந்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் இருந்த இருக்கைகளைப் பார்த்தார். வரிசை வரிசையாகக் காலி. ஒரு ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு இரண்டு பேர்.

"கடைய தொறந்து வச்சிருக்கான், வாங்க ஆளக் காணோம்," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

மதாமுக்குப் பொறுக்கவில்லை. "அது எதிர்ப்பக்கம் ஐயா. கேமரா இருக்கற பக்கந்தான் கூட்டம். ஆரம்பத்துல காட்டினான், நிக்க இடமில்ல. கொடி, மேளம், எல்லாம் இருந்துச்சு."

"இருக்கும் மதாம். நாங்க பாக்கலயே."

கேமரா ஒரு தடவையாவது திரும்பும் என்று டிவியையே முறைத்துக்கொண்டிருந்தேன். விசில் ஊதியதும் நியூஸ் போட்டுவிட்டான். மதாம் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

படிவம் கொடுக்கச் செவ்வாய்க்கிழமை கடைசி நாள். திங்கட்கிழமை மார்க்கெட்டுக்குப் போனேன். வியாபாரம் நடக்கும்போதே எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், தப்பு என்னுடையது, அவள் என்ன செய்வாள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா கோபப்படவில்லை. கடைசிவரை கேட்டார்.

"நீ பொய் சொல்ற பொண்ணு இல்லம்மா. ஆனா மணி பாக்கத் தெரியாம கூட்டிட்டுப் போயிட்ட. இவள வெளியூருக்கு எத நம்பி உன்கூட அனுப்பறது?"

கையிலிருந்த படிவத்தை மடித்தேன்.

அவளும் கடையில்தான், தராசுக்குப் பின்னால் நின்றிருந்தாள். "விடுக்கா," என்றாள். பிறகு, ஜனம் நின்று வேடிக்கை பார்த்ததாலோ என்னவோ, "எவ்ளோ போடட்டும்?" என்று கேட்டாள்.

நான் வெங்காயம் வாங்க வரவில்லை. இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.