கண் எழுதாத ஒரு படத்தோடு தஞ்சாவூர் கைவினைத் திருவிழாவுக்கு

எழுபது கிலோமீட்டரைப் பயணம் என்று எழுதினால் இந்த வலைப்பூவின் பழைய வாசகர்கள் சிரிப்பார்கள். ஸ்பிதி வரைக்கும் பைக்கில் போனவன், மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூருக்கு இரண்டு பஸ் மாறிப் போனதற்கெல்லாம் ஒரு பதிவா என்று கேட்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். பதினான்கு மாதமாக இங்கே நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதும் மனநிலை இப்போதும் இல்லை. ஆனால் இந்தத் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது.

போனதற்குக் காரணம் ஒரு படம். என் மனைவி சுகந்தி இரண்டு வருடம் கும்பகோணத்தில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய்த் தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொண்டாள். முதல் இரண்டு படங்களும் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டன. மூன்றாவது, வெண்ணெய்ப் பானையோடு உட்கார்ந்திருக்கும் கண்ணன். இது நம் வீட்டுக்கு என்றாள். பலகையில் துணி ஒட்டி, நகைகளை மேடாக்கி, கல் பதித்து, தங்கத் தாள் ஒட்டி, வண்ணமும் தீட்டி முடித்துவிட்டாள். கண் மட்டும்தான் பாக்கி. இந்த ஓவியத்தில் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள். "நல்ல நாள் பாத்து எழுதணும், அவசரப்படுத்தாதீங்க" என்றாள். அந்த நல்ல நாள் வருவதற்குள் மூளையில் ரத்தக்கசிவு. நான்கு நாள் ஆஸ்பத்திரி. அவ்வளவுதான்.

துக்க வருடத்தில் எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை. இந்த வருடம் தலைத்திதி முடிந்திருந்தது. போகியன்று சாமி படங்களை எல்லாம் இறக்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். அது எப்போதும் சுகந்தி செய்கிற வேலை, எனக்கு இதுதான் முதல் தடவை. பீரோ மேலே இருந்த கண்ணனையும் இறக்கினேன். நகைகள் இருக்கும் பக்கம் கை வைக்கப் பயம். முகத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் லேசாக அழுக்குப் படிந்திருந்தது. துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, மெதுவாகத் துடைத்தேன். முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. பரவாயில்லையே, நமக்கும் வேலை வருகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் தஞ்சாவூரில் மூன்று நாள் ஓவிய, கைவினைத் திருவிழா என்று வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. ஓவியர்கள் அங்கேயே உட்கார்ந்து வரைவார்களாம். சுகந்திக்குச் சொல்லிக்கொடுத்தவர் கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டார். சரி, அங்கேயே யாரிடமாவது கண்ணை எழுதி வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை 7.10க்குக் கும்பகோணம் பஸ். தூறல். படத்தை பாலிதீன் உறையில் போட்டு, போர்வை சுற்றி, காலடியில் வைக்கப் போனேன். கண்டக்டர் வந்தார்.

"என்ன சார் அது, டிவியா?"

"சாமி படங்க."

"அய்யய்யோ, கீழ வெக்காதீங்க. மடியில வெச்சுக்கங்க. லக்கேஜெல்லாம் வேணாம்."

டிக்கெட் 32 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். கும்பகோணத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு 9 மணிக்குத் தஞ்சாவூர் பஸ் பிடித்தேன். 38 ரூபாய். பாபநாசம் தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. தை மாதத்தில் பெய்யக் கூடாத மழை. அறுவடை மெஷின்கள் வரப்போரம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றன. பஸ்ஸில் எல்லோரும் ஜன்னல் வழியே அதையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவிழா மைதானம் மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 120 ரூபாய். ஓட்டுநருக்கு அம்மாபேட்டைப் பக்கம் ஊர். "மூணு மா சார், ஒரு ஏக்கரு. மொத்தமும் சாஞ்சிருச்சு. இப்ப அறுத்தா கொள்முதல்ல ஈரம்பாங்க, விட்டா மொளச்சிரும்" என்றார். இறங்கும்போது, "விழா நல்லாருக்கும், பாருங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

நுழைவுக் கட்டணம் 20 ரூபாய். நாற்பது ஸ்டால் இருக்கும். பாதிக்கு மேல் நீலத் தார்ப்பாய் மூடியிருந்தது. தலையாட்டிப் பொம்மைகள் காற்றில் தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன, வாங்கத்தான் ஆளில்லை. நெட்டித் தக்கையில் செய்த கோயில் கோபுரங்களை ஈரம் படாமல் ஒருவர் அட்டைப்பெட்டிக்குள் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார். மைக்கில் ஒருவர் "திரளான மக்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மொத்தமே அறுபது பேர் இருந்திருந்தால் அதிகம்.

பதினேழாவது ஸ்டாலில் ஓர் அம்மா உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் ஸ்டெல்லா. கழுத்தில் சிலுவை டாலர், முன்னால் பாதி முடிந்த லட்சுமி. இருபது வருடமாக இதுதான் தொழிலாம். விஷயத்தைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி மடியில் வைத்தார். "நல்ல கை சார். தாள் எவ்ளோ நறுக்கா வெட்டிருக்காங்க பாருங்க" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகு முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சார், முகத்த யாராச்சும் தொடச்சீங்களா?"

"நான்தாங்க. போகிக்கு. அழுக்கா இருந்துச்சு."

அவர் படத்தை விளக்குக்கு நேராகச் சாய்த்தார், திருப்பினார், மறுபடி சாய்த்தார். "இங்க வந்து பாருங்க. இடது கண்ணு. மேல் இமையில ஒரு கோடு தெரியுதா? பென்சில் அழுந்தின தடம். கண்ணு எழுதறதுக்கு முன்னாடி பென்சில்ல போட்டு வெச்சிக்குவோம். போட்டுத்தான் வெச்சிருக்காங்க."

அழுக்கு என்று நான் துடைத்தது அதைத்தான். ஸ்டெல்லா ஸ்டூலை இழுத்துப் போட்டார், உட்கார்ந்தேன்.

"வலது கண்ணு?"

"அது இல்ல சார். சுத்தமாப் போயிருச்சு." விரலால் இடது கண்ணைக் காட்டினார். "பொதுவா நம்மள நேராப் பாக்குற மாதிரிதான் எழுதுவோம். இவங்க கீழ பாக்க வெச்சிருக்காங்க. பானையப் பாக்குதா, கையப் பாக்குதா, தெரியல. ரெண்டு கண்ணும் இருந்தாத்தான் பார்வை எங்க போகுதுன்னு சொல்ல முடியும்."

"நீங்க எழுதித் தர முடியுமா?"

"பத்து நிமிஷ வேலை சார். நல்லாவே இருக்கும். ஆனா அது நான் எழுதின கண்ணா இருக்கும். நீங்களே சொல்லுங்க, எழுதட்டுமா?"

தூரிகை அவர் கையில் தயாராக இருந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் வந்திருந்தேன். வேண்டாம் என்று சொன்னேன். சொல்லும்போது அழுதும்விட்டேன். அவர் பாலிதீனை எடுத்துப் போட்டுவிட்டு, தன் பழைய பருத்திப் புடவைத் துண்டில் படத்தைச் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. வேறு எதையும் பார்க்காமல் 1.30 பஸ்ஸில் ஏறினேன். இந்த முறை கண்டக்டர் சொல்லாமலேயே மடியில் வைத்துக்கொண்டேன்.

படம் இப்போது கூடத்தில் இருக்கிறது. மாலை ஐந்து மணிவாக்கில் மேற்கு ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது அந்த ஒரு கோடு தெரிகிறது. பதினைந்து வருடம் ஒன்றாக இருந்தோம். அவள் மனதில் கண்ணன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

இந்த வருடத் திருவிழா முடிந்துவிட்டது, அடுத்த முறை போகிறவர்களுக்கு: காலை பத்து முதல் மாலை ஏழு வரை நடக்கிறது. மழை என்றால் செருப்பு போதும், ஷூ வேண்டாம், மைதானம் சேறாகிவிடுகிறது. உள்ளே சாப்பாடு சுமார், வெளியே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஓவியம் வாங்கினால் பாலிதீனில் சுற்றாதீர்கள், வேர்த்துவிடும். காய்ந்த பருத்தித் துணிதான் நல்லது. வீட்டில் யாராவது பாதியில் விட்டுப்போன படம் இருந்தால், கொண்டுபோய்க் காட்டுங்கள், ஸ்டெல்லா மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள். காட்டுவதற்கு முன்னால் துடைத்து மட்டும் விடாதீர்கள். அழுக்கு மாதிரித் தெரிந்தாலும் அப்படியே விட்டுவிடுங்கள்.