ட்ராம் பாதையை மூடவிடாத அம்மா

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. "நினைவு மலரில், சாந்தமே உருவானவர் என்று எழுதும்மா" என்றார்கள் உறவினர்கள். எழுத மாட்டேன். அம்மா சாந்தமானவர் இல்லை. அது உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

சென்னைப் புரசைவாக்கத்தில் பிறந்தவர். ட்ராமில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவர். ட்ராம் வண்டிகளை நிறுத்தியபோது, வயதுக்கு வந்த பெண் அவ்வளவு தூரம் நடப்பதா என்று வீட்டில் அவர் படிப்பையும் நிறுத்திவிட்டார்கள். வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்த பெண்! அந்தக் கோபம் அம்மாவுக்குக் கடைசி வரை ஆறவில்லை. ஏன் ஆற வேண்டும்?

தொண்ணூறுகளின் நடுவில் அம்மாவும் அப்பாவும் நியூ ஜெர்சிக்கு என்னோடு இருக்க வந்தார்கள். கார் ஓட்டத் தெரியாதவர்கள் இங்கே வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியதுதான். நல்லவேளையாக எங்கள் வீட்டுக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவே நேராக ஒரு மண்பாதை போயிற்று. நூலகத்துக்கும் கடைக்கும் அதுவே வழி. ஊரிலிருந்து வந்த பெற்றோர்கள் எல்லாரும் அதில்தான் நடந்தார்கள்.

அது பழைய ட்ராம் பாதை என்று சொன்னவர் பக்கத்து வீட்டு டோரதி ஆன்ட்டி. உருளைக்கிழங்கு வயலாகக் கிடந்த இடம் ட்ராம் வந்த பிறகே ஊரானதாம். தொழிற்சாலைப் பெண்களும் சந்தைக்குப் போகிறவர்களும் அதை நம்பித்தான் குடிவந்தார்களாம். கார்கள் பெருகியதும் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் சிவந்தது.

"இங்கயும் அதே கதைதானா?" என்றார்.

பாதையோரம் புதிதாக வீடு வாங்கியவர்கள் கேட்டார்கள் என்று, டவுன்ஷிப் நிர்வாகம் அதை வேலி போட்டு மூட முனைந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம் என்றார்கள்.

"எல்லாருக்கும் ஈமெயில் அனுப்பிடறேம்மா," என்றேன்.

"ஈமெயிலுக்கு யாருடி வருவாங்க? குங்குமச் சிமிழ எடு. நேர்ல போய்க் கூப்பிட்டா வராம இருக்க முடியாது."

கல்யாணத்துக்கு அழைப்பதுபோல வீடு வீடாகப் போனார். கணவரை இழந்தவர்களுக்கும் சிமிழை நீட்டினார். சிலர் முகம் சுளித்தார்கள். சுளித்துக்கொள்ளட்டும்.

கூட்டத்தன்று ஹால் கொள்ளவில்லை. பாதிப் பேர் பட்டுப்புடவையில் வந்திருந்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்டுக்கொள்ளாமல் பரிசுப் பொட்டலத்தோடு வந்த தம்பதியும் உண்டு!

அம்மா எழுந்தார். மொழிபெயர்க்க நான் இருந்தும் தானே பேசினார். "ஐ நோ கார். யூ க்ளோஸ், ஐ ஸிட் ஹவுஸ். ஒன் டைம் ஐ ஸிட். நோ செகண்ட் டைம்."

நேரம் முடிந்தது என்றார் தலைவர். அம்மா உட்காரவில்லை. டோரதி ஆன்ட்டி எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார். பிறகு ஹாலே எழுந்து நின்றது. வேலித் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

நோய் முற்றிய நாட்களிலும் சக்கர நாற்காலியில் அந்தப் பாதையில்தான் போய்வந்தார். சமைத்துக் கொண்டுவந்த ஆன்ட்டிகளுக்கும், நாற்காலியைத் தள்ளிய பிள்ளைகளுக்கும், அப்பாவை இன்றுவரை தனியே விடாத அங்கிள்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒரு விஷயம். அம்மா இல்லை என்ற தைரியத்தில் வேலிப் பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. அதனால்தான் இந்த மலரைத் தபாலில் போடாமல் உங்கள் வீட்டுக்கே வந்து கையில் கொடுக்கிறேன். நினைவு நாளன்று காரை நூலகத்தில் விட்டுவிட்டு, அந்தப் பாதை வழியாக எங்கள் வீட்டுக்கு நடந்தே வாருங்கள். எத்தனை பேர் நடக்கிறோம் என்று அவர்கள் பார்க்கட்டும்.