தையலுக்கு விட வேண்டியது

என் மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவளுடைய புடவைகளை எண்ணினேன். அறுபத்து மூன்று இருந்தன. மெல்பர்னிலிருந்து வந்திருந்த மகள் நான்கை எடுத்துக்கொண்டாள். என் தங்கைக்கு ஏழு, மனைவியின் அண்ணிக்கு ஐந்து, பக்கத்து வீட்டுக்கு இரண்டு. மீதி நாற்பத்தைந்தும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போயின. இரண்டு மணி நேரத்தில் அலமாரி காலியாகிவிட்டது. ரவிக்கைகளை மட்டும் யாரும் தொடவில்லை. புடவையை யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். ரவிக்கை ஒரே ஓர் உடம்புக்குத்தான் பொருந்தும்.

இது என் வாக்கியம் அல்ல, அவள் சொன்னது. இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு காலையில், ரவிக்கைகளையெல்லாம் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு சொன்னாள். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் அவளுக்கு ரத்தச் சுத்திகரிப்பு நடந்துகொண்டிருந்தது. அதற்குள் பதினொரு கிலோ குறைந்திருந்தாள். எந்த ரவிக்கையும் அவளுக்கே பொருந்தவில்லை.

"இத யார்கிட்ட குடுக்கறது? குப்பைலதான் போடணும்," என்றாள். பிறகு, "போடாதீங்க. போர்வையா தைச்சிடலாம்," என்றாள்.

அவள் போர்வை என்றது துண்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் குவில்ட்டை. சமூக மன்றத்தில் ஒரு சீனப் பெண்மணி நடத்திய வகுப்பில் அறுபத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டாள். வகுப்பில் எல்லாரும் குவில்ட் என்றார்கள். இவள் மட்டும் ஒட்டுப்போர்வை என்பாள்.

ஆரம்பத்தில் கட்டம் போட்ட தாளில் வண்ணப் பென்சிலால் வரைந்து பார்ப்பாள். சிங்கப்பூர் ஜூரோங் கப்பல் பட்டறையில் முப்பத்தொரு வருடம் வரைபடம் வரைந்தவன் நான். கோடு கோணலாகப் போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. மகளிடம் கேட்டு, குவில்ட் வடிவமைப்பதற்கென்றே இருக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கி மடிக்கணினியில் ஏற்றினேன். துணியைப் படம் பிடித்து உள்ளே போட்டால், திரையிலுள்ள கட்டங்களில் அந்தத் துணியையே நிரப்பிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் ஒரு நொடியில் மாற்றலாம். எந்தத் துணியில் எத்தனை துண்டு, என்ன அளவில் வெட்ட வேண்டும் என்று கடைசியில் அதுவே பட்டியல் போட்டுக் கொடுக்கும்.

பட்டியல் என் வேலை. வெட்டுவதும் தைப்பதும் அவள் வேலை. ஐந்து வருடத்தில் நான்கு போர்வைகள் முடித்தோம். ஒவ்வொன்றும் முடிந்ததும் தரையில் விரித்து நாடா வைத்து அளப்பேன். நான்கும் பட்டியலில் போட்ட அளவிலேயே இருந்தன. "பாத்தியா, கணக்கு சரியா இருந்தா தையல் தானா சரியா வரும்," என்பேன். அவள், "ஆமா, உங்க கணக்குதான்," என்பாள்.

ஐந்தாவது போர்வையின் வடிவமைப்பில் எங்களுக்குள் சண்டை வந்தது. ஒவ்வொரு ரவிக்கையையும் வெள்ளைத் துண்டின் மேல் வைத்துப் படம் பிடித்தேன். மொத்தம் முப்பத்தாறு. ஒரு ரவிக்கைக்கு ஒரு வரிசை என்றாள். வரிசைக்கு இருபத்தெட்டுச் சதுரம், ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். முடிந்ததும் போர்வை ஐம்பத்தாறுக்கு எழுபத்திரண்டு அங்குலம் வரும். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடிகிற மாதிரி வரிசைகளை அடுக்கிக் காட்டினேன். பார்க்க நன்றாகவே இருந்தது.

"கலர் பாக்காதீங்க. வருஷம் பாருங்க," என்றாள்.

"வருஷப்படி போட்டா பச்சை பக்கத்துல ஊதா வருது."

"வரட்டும் லா. அப்ப அப்படித்தான் போட்டேன்."

"கண்ணு கூசும்."

"உங்களுக்கா தைக்கிறோம்? கண்ண மூடிக்குங்க."

என் இடது பக்கத்தில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்து, திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். கல்யாணத்துக்கு மறு மாதம் தைத்தது முதல் வரிசை. மகள் பிறந்த பிறகு தைத்தது ஒன்பதாவது. நான் எண்ணைத் தட்டி, மொத்தத் துண்டுகள் ஆயிரத்தெட்டு என்று படித்தேன்.

"ஆயிரத்தெட்டா? சாமிக்கு அர்ச்சனை பண்ற கணக்கு," என்று சிரித்தாள். அன்றே மகளை அழைத்து, "உனக்கு ஒரு போர்வை வருது. என் ரவிக்கை எல்லாம் அதுல இருக்கும். அங்க குளிருக்கு ஆகும்," என்றாள். ஒரு துண்டுகூட வெட்டவில்லை. அதற்குள் போய்விட்டாள்.

அவள் உயிர் போய் ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் மகளின் விமானம் வந்து சேர்ந்தது. தாமதம் விமானத்தினுடையது அல்ல, நான் அழைத்ததுதான் தாமதம். காலையிலேயே கூப்பிட்டிருக்கலாம். மருத்துவர் இன்னொரு முறை பார்க்கட்டும் என்று மாலை வரை காத்திருந்தேன். மகள் அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் போகும் அன்று சாங்கி விமான நிலையத்தில் பெட்டியை ஏற்றிவிட்டு வந்து, "அப்பா, அந்தப் போர்வைய மட்டும் எனக்கு முடிச்சுக் குடுங்க. வேற எதுவும் கேக்க மாட்டேன்," என்றாள். சரி என்றேன். என் மகள் என்னிடம் ஏதாவது கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

வெட்டும் வேலையை நானே செய்வது என்று முடிவு செய்தேன். பட்டியல் இருந்தது. மனைவியின் வெட்டுப் பலகையும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் அளவுகோலும், சக்கரக் கத்தியும் இருந்தன. முதலில் ரவிக்கைகளைப் பிரிக்க வேண்டும். பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்தேன். கொக்கிகள் மட்டும் இருநூற்று மூன்று சேர்ந்தன. அவற்றை ஒரு பால் டின்னில் போட்டுவைத்தேன்.

ரவிக்கையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கவாட்டில் உள்ளே ஒன்றரை, இரண்டு அங்குலத் துணி மடிந்து கிடக்கும். அதில் மூன்று வரித் தையல் ஓடும். உடம்பு பெருக்கப் பெருக்க ஒவ்வொரு வரியாகப் பிரித்துவிட்டுக்கொள்வார்கள். முதல் வருடங்களின் ரவிக்கைகளில் மூன்று வரியும் பிரிக்கப்பட்டிருந்தன, ஊசித் துளைகள் மட்டும் வரிவரியாகத் தெரிந்தன. உள்ளே இருந்ததால் அந்த ஓரத் துணியின் நிறம் வெளுக்கவேயில்லை. வெளுத்த நீலத்தின் ஓரத்தில் கடையில் எடுத்த அன்றிருந்த நீலம். இரண்டு நிறமும் சேர்ந்தால் சதுரங்கள் ஒன்றுபோல் இருக்காது, துளை வேறு இருக்கிறது என்று அந்த ஓரங்களையெல்லாம் நறுக்கி ஒதுக்கினேன். மீதித் துணியில் இருபத்தெட்டு இருபத்தெட்டாகச் சதுரம் வெட்டினேன். பட்டியலில் இரண்டு அங்குலம் என்று இருந்தது. ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல் இரண்டு அங்குலம் வெட்டினேன். இருபத்து மூன்று நாள் ஆயிற்று. கழிவுத் துணி இரண்டு பை நிறைய இருந்தது. அதை எங்கள் அடுக்குமாடியின் குப்பைக் குழாயில் போட்டேன்.

வரிசை எண் எழுதி, முப்பத்தாறு கட்டுகளாகக் கட்டி, தேக்கா சந்தைக்கு மேல் மாடியிலுள்ள ஒரு தையல் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே தைக்கும் பெண்மணிதான் மனைவியின் கடைசி ஒன்பது ரவிக்கைகளையும் தைத்தவர். அவரிடம் திரையில் எடுத்த வடிவமைப்பின் படத்தைக் கொடுத்து, தைத்தால் போதும், வெட்டி ஆகிவிட்டது என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டுகளைப் பார்த்தார். "இது நான் தைச்சது. இதுவும் நான்தான். அக்கா இந்தக் கைக்கு பைப்பிங் வேணும்னு ஒரே பிடிவாதம்," என்றார். பிறகு ஒரு சதுரத்தை எடுத்து நாடாவில் வைத்தார். இன்னொரு கட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்தார்.

"அங்கிள், முடிஞ்சு எவ்ளோ வரணும்?"

"ரெண்டு அங்குலம்."

"வெட்டுனது ரெண்டு அங்குலம்."

"ஆமா."

"தையலுக்கு விடலையே, அங்கிள்."

நாடாவை இழுத்து நானே ஒருமுறை அளந்தேன்.

"நாலு பக்கமும் கால் இஞ்சு பிடிச்சுத்தானே தைக்கணும்? ஒன்றரைதான் வரும்."

மென்பொருளில் அமைப்புகள் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. வெட்டும் அளவில் தையல் ஓரத்தையும் சேர்க்கவா என்று கேட்கும். முதல் நாளே அதன் குறியை எடுத்துவிட்டேன். மூன்று என்று இருக்க வேண்டிய இடத்தில் மூன்றரை, மூன்றரை என்று வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. வரைபடத்தில் முடிந்த அளவுதான் இருக்க வேண்டும் என்பது பட்டறைப் பழக்கம். அங்கே தகடு வெட்டுகிறவர், பற்றவைக்கும்போது சுருங்குவதற்கும் ஓரம் தேய்ப்பதற்கும் தானாகவே கூட்டி வெட்டிக்கொள்வார். முப்பத்தொரு வருடமும் அவர்கள் கூட்டிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் யார் கூட்டினார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"முன்னாடி நாலு போர்வை தைச்சோம். நாலும் சரியா வந்துச்சே," என்றேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "அக்கா சொல்லிச் சிரிப்பாங்க, அங்கிள். எங்க வீட்டுக்காரர் கணக்கு ரொம்ப கரெக்டு, அரை இஞ்சு மட்டும் நான் போட்டுக்குவேன், சொன்னா அன்னிக்கு முழுக்க சாப்பிட மாட்டாருன்னு."

பின்னால் காஜா எடுத்துக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

"ஓரத்துலயே நூலளவு பிடிச்சுத் தைக்க முடியாதா?" என்றேன்.

"பழைய துணி. ரெண்டு தடவ துவைச்சா பிரிஞ்சிடும்." அவர் கட்டுகளைப் பழையபடி அடுக்கினார். "பிளவுஸ்ல உள்ள விட்டு வச்சிருப்பேனே, அந்தத் துணி இருந்தா வேற மாதிரி ஒட்டலாம். கொண்டு வாங்க."

"போட்டுட்டேன்," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல், "உக்காருங்க. டீ சொல்றேன்," என்றார்.

அங்கே உட்கார்ந்தே கணக்குப் போட்டேன். இருபத்தெட்டை ஒன்றரையால் பெருக்கினால் நாற்பத்திரண்டு. முப்பத்தாறை ஒன்றரையால் பெருக்கினால் ஐம்பத்து நான்கு. அகலத்தில் பதினான்கு அங்குலமும் நீளத்தில் பதினெட்டும் போய்விட்டன. பரப்பில் பார்த்தால் ஏறக்குறைய பாதி.

வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடந்த மூன்றாவது போர்வையின் சதுரங்களை அளந்தேன். மூன்று அங்குலம், மூன்று அங்குலம், மூன்று அங்குலம். நாற்பது சதுரம் அளந்த பிறகு நிறுத்தினேன். எத்தனை அரை அங்குலம் கூட்டியிருப்பாள். ஒருமுறைகூட, பட்டியல் தப்பு என்று என்னிடம் சொன்னதில்லை. நான் சாப்பிடாமல் இருப்பேன் என்பதும் உண்மைதான்.

மகளிடம் சொல்ல எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. தினமும் மாலை ஐந்து மணிக்கு அவள் அழைப்பாள். தையல் கடையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லி வந்தேன். அது பொய் இல்லை. சின்ன வயதில் அவள் கணக்குத் தேர்வில் ஒரு சுழியம் விட்டுவிட்டு வந்தபோது, ஒருமுறை திரும்பப் பார்த்தால் என்ன கேடு என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தவன் நான். அவளுக்கு அது நினைவிருக்குமா என்று தெரியவில்லை. எனக்கு இருந்தது.

பன்னிரண்டாம் நாள் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நீங்களே எதுக்குப்பா தனியா வெட்டுனீங்க? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

"கணக்கு இருந்துச்சு."

"கணக்கு இருந்துச்சு," என்று அவளும் சொன்னாள். கேலியா கோபமா என்று தெரியவில்லை. "அம்மாவோட துணி வேற ஏதாவது இருக்கா?"

"புடவை உன்கிட்ட நாலு இருக்கு."

"அத வெட்ட மாட்டேன்."

"புதுத் துணி வாங்கிச் சுத்திலும் பார்டர் வச்சா அளவு வந்துடும்னு டெய்லர் சொல்றாங்க. ஒரு பக்கம் ஏழு அங்குலம், மேல கீழ ஒம்பது அங்குலம்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேன்பா. வேற துணி வேணாம். எவ்ளோ வருதோ அவ்ளோ தைக்கச் சொல்லுங்க." பிறகு, "ஏன்பா அன்னிக்குக் காலைலயே என்னைக் கூப்பிடல?" என்றாள்.

ஐந்து மாதம் கழித்துக் கேட்டாள். மருத்துவர் இன்னொரு முறை பார்க்கட்டும் என்று இருந்தேன், சரியாகத் தெரியாமல் உன்னை அலைய வைக்க வேண்டாம் என்று நினைத்தேன் என்றேன். அதுதான் நடந்தது. சொல்லும்போது அதுவும் அளவு குறைவாகத்தான் இருந்தது. அவள், "சரி, நாளைக்குக் கூப்பிடறேன்," என்று வைத்துவிட்டாள். மறுநாள் ஐந்து மணிக்கு அழைக்கவும் செய்தாள்.

தையல்காரப் பெண்மணி மூன்று வாரத்தில் முடித்தார். வரிசைகளை வருடப்படியே வைத்திருந்தார். பச்சைக்குப் பக்கத்தில் ஊதா வந்திருந்தது. மூன்று முறை மடித்தபோது ஒரு தலையணை அளவுகூட இல்லை. அஞ்சலகத்தில் நிறுத்துப் பார்த்தார்கள், தொள்ளாயிரத்து எழுபது கிராம்.

ஒன்பதாம் நாள் மகளுக்குக் கிடைத்தது. அன்று ஐந்து மணிக்கு அவள் அழைக்கவில்லை. அடுத்த நாள் காலையில் அழைத்தாள்.

"ராத்திரி போத்திக்கிட்டேன்பா."

"நீளம் பத்துச்சா?"

"கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் வருது. புரண்டு படுத்தா முதுகு வெளிய வந்துடுது."

"அப்ப புரளாதே," என்றேன். வாய் தவறித்தான் வந்தது.

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. சிரித்தாளா அழுதாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"சரிப்பா," என்றாள்.

அங்கே குளிர் எத்தனை டிகிரி என்று கேட்டேன். ஆறு என்றாள்.