பரமேஸ்வரி ஓடிட்டா!

போன சனிக்கிழமை ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்டில் ஒரு பெண் ஓடினாள். மத்தியானத்துக்குள் ஊரே வாயில் போட்டு மென்றுவிட்டது.

முதலில் என் தோழி அயாகோவைப் பற்றி. ஜப்பானில் பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து பேஸ்பால் ஆடவிட்ட காலத்தில் ஆடியவர். தோள்பட்டை போனதும் ஓய்வு. கணவருக்கு இங்கே மலேசியாவில், ஈப்போவில் வேலை; அப்படித்தான் எனக்குப் பக்கத்து வீடு. ஒருமுறை எனக்குப் பந்து வீசிக் காட்டினார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பந்து தாண்டிப்போய் வெகுநேரம் கழித்தும் திறக்கவில்லை. நட்பு அங்கே தொடங்கியது.

லகாட் பக்கம், பழைய ரப்பர்த் தோட்டத்துத் திடலில் நம் பெண்பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித் தருகிறார். சம்பளமில்லை. கொஞ்சம் தமிழ் கிடைத்தது, பிள்ளைகள் கத்துகிற தமிழ். "ஓடு!" "விடாத லா!" "ஓடிட்டா!"

அன்று ஈப்போ அணியோடு போட்டி. மூன்று மூலையிலும் மூன்று பெண்கள் காத்து நிற்க, பதினேழு வயது பரமேஸ்வரி அடித்த பந்து பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குள் போய் விழுந்தது. நால்வரும் சுற்றி ஓடி 'ஹோம்' வந்து சேர்ந்தார்கள். ஆட்டம் தொடங்குகிற இடத்துக்கு பேஸ்பாலில் 'வீடு' என்று பெயர். வெற்றி! மாநில அணித் தேர்வுக்கும் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அயாகோவுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அவள் அப்பா மணியத்துக்குப் போன். லாரி ஓட்டுபவர். மாமாக் ரொட்டிக் கடையில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"அண்ணே! பரமேஸ்வரி ஓடிட்டா!"

"என்னது! யாரோட?"

"மூணு பேரோட!"

ரொட்டி சானாய் தட்டிய கைகூட நின்றுவிட்டதாம்.

சாயங்காலம் இருவரும் விளக்கம் சொல்லப் போனோம். நான் மொழிபெயர்ப்பாளர். நாலு புத்தகம் படித்தவன் சொன்னால் எடுபடும் என்றொரு நினைப்பு...

மணியம் முழுதும் கேட்டார். சிரிக்கவும் செய்தார்.

"எனக்குப் புரியுது அண்ணே. கடையில இருந்தவனுங்களுக்கு யாரு போயி வெளக்குறது? நாளைக்கிப் பொண்ணு கேட்டு வர்றவன் பேஸ்பால் ரூல்ஸ் படிச்சிட்டா வருவான்? போதும் லா. இனிமே ஆட்டம் வேணாம்."

"தேர்வுக்கு மட்டுமாவது..."

"அதுவும் வேணாம் அண்ணே."

உள்ளேயிருந்து பரமேஸ்வரியின் குரல்: "வீட்டுக்குத்தானேப்பா ஓடுனேன்?"

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். நாலு புத்தகம் படித்தவன்? தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

காரில் அயாகோ ஆங்கிலத்தில் கேட்டார். "நான் சொன்ன சொல் தப்பு. சரி. ஒரு பெண் ஓடினால், ஓடினாள் என்று மட்டும் அர்த்தம் வருகிற சொல் எது?"

ஈப்போ வரும்வரை யோசித்தேன். ஒரே ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப வந்து நின்றது... ஓடுகாலி.

ஓடுகாலன் என்று யாரையாவது திட்டிக் கேட்டிருக்கிறீர்களா?