நாற்பது நிமிஷப் பயணம்

1989, ஆடி மாதம். ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ராணுவ வண்டி மெக்கானிக்கான என் கணவரை அஸ்ஸாம் பக்கம் அனுப்பியிருந்தார்கள். ஜோர்ஹாட்டிலிருந்து மலை மேல் இருக்கும் மெச்சுகாவுக்குப் போக வேண்டும். ரோடு வழியாகப் போனால் நாள் கணக்கில் ஆகுமாம். சரக்கு விமானத்தில் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்புகிறேன் என்று எழுதியிருந்தார்.

எனக்குக் கணக்கில் கொஞ்சம் திமிர் உண்டு. ஸ்கூல் அட்லஸில் நூல் வைத்து அளந்தேன். இருநூறு கிலோமீட்டர்; விமானம் மணிக்கு முந்நூறு என்று வைத்தால் நாற்பது நிமிஷம். இவ்வளவுதானே என்று, திங்கட்கிழமையே வேலூரில் இருந்த மாமியாருக்கு, 'உங்கள் பிள்ளை நல்லபடியாக இறங்கிவிட்டார்' என்று கார்டு எழுதிப் போட்டுவிட்டேன். கார்டு கிடைக்கும்போது அவர் இறங்கியிருப்பார் இல்லையா!

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அட்லஸை விரித்து, ஜோர்ஹாட் மேல் ஒரு புளியங்கொட்டையை வைத்தேன். அதுதான் விமானம். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நகர்த்தினேன். பக்கத்து வீட்டுக்காரி மேனாம்பேட்டில் பிறந்து வளர்ந்தவள், சரியான வாயாடி. "இன்னாக்கா, உங்க ஊட்டுக்காரரு பிளேனு எங்க கீது?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

பத்து இருபதுக்குப் பாதி வழி. அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு இரண்டு பேரும் எழுந்து ஓடினோம். திரும்பி வந்தால் கொட்டையைக் காணோம். கரண்ட் இல்லை, ஃபேன் ஓடவில்லை. வீட்டில் வேறு ஆளும் இல்லை. பாயை உதறினோம். பீரோவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினோம். சிரித்துக்கொண்டே தேட ஆரம்பித்தவள் கொஞ்ச நேரத்தில் கருமாரியைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

இறங்கியதும் தந்தி அடிப்பது அவர் வழக்கம். அன்று வரவில்லை. புதன் வரவில்லை, வியாழனும் வரவில்லை. நான் குடத்தோடு போனால் குழாயடியில் பேச்சு நின்றுவிடும். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கே மாமியார் என் கார்டைப் படித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுதாத விதியை நான் முந்திக்கொண்டு எழுதிவிட்டேனோ என்று பயந்து செத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் வாசலில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினார். பிரிக்காமல் அவரிடமே திருப்பி நீட்டினேன். அவரே படித்துச் சொன்னார். "பயப்படாதீங்கம்மா, நல்ல சேதிதான். பாதி வழியில மேகம் மூடிப்போய் பிளேன் திரும்பிடுச்சாம். சார் ஜோர்ஹாட்லயே நல்லா இருக்காரு. நாளைக்குப் பத்து மணிக்கு மறுபடி கெளம்புறாராம்."

"கருமாரி காப்பாத்திட்டாக்கா!" என்று பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கட்டிக்கொண்டாள்.

நான் தந்தியில் இருந்த தேதியைப் பார்த்தேன். வியாழக்கிழமை அடித்தது. அப்படியென்றால் நாளை என்பது இன்று. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பத்து இருபது.

அட்லஸைத் திறக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். 'இறங்கிவிட்டேன்' என்ற தந்தி சாயங்காலம்தான் வந்தது.

இப்போது பிள்ளைகள் வெளியூருக்குப் பறக்கும்போது, எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். நான் தலையை ஆட்டுகிறேன். ஆனால் அவர்கள் குரலைக் கேட்கும் வரை, அவர்கள் இந்த உலகத்தில் எந்த ஊரிலும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.